பின்சீட்டிலிருந்து அம்மா கேட்ட 'ஊஊஊ' சத்தம்... டயரா, பேரிங்கா?

என் அம்மாவுக்கு கார் ஓட்டத் தெரியாது. கிளட்ச் எது, பிரேக் எது என்று கேட்டால் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். ஆனால், விழுப்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் 26 வருடங்களாகத் தையல் மெஷின் ஓட்டுகிறவர். ஊசி லேசாக வளைந்திருந்தாலும், பாபின் கேஸில் நூல் பிசிறு சிக்கியிருந்தாலும் மெஷினைத் திறந்து பார்க்க மாட்டார். நாலு தையல் ஓட்டுவார். சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார்.

அந்த அம்மாதான் 2025 மே மாதத்தில் ஒருநாள் சொன்னார். "என்னங்க, பின்னாடி வலது பக்கத்துல ஏதோ 'ஊஊ'ன்னு கத்துது. போன மாசம் இல்ல இந்தச் சத்தம்."

அப்பா கண்ணாடியில் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "பழைய வண்டின்னா பாட்டுப் பாடத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு எஃப்.எம்-மின் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினார். பாட்டு ஏறியது. அம்மா காதில் மட்டும் அந்த 'ஊஊ' இறங்கவில்லை.

அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். ஓய்வின்போது கைக்கு வந்த பணத்தில் வாங்கிய சின்ன கார் அது. வாங்கும்போதே எட்டு வருடப் பழசு. ஆனாலும், அதைத் துடைத்துத் துடைத்துப் புதுசுபோல வைத்திருப்பார். அந்த காருக்கு ஒரு முக்கியமான வேலை காத்திருந்தது. சேலத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு ஜூன் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் ஏழு மாத வயிற்றோடு அக்காவை ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாக எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சுமார் 170 கிலோமீட்டர்.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை ரயிலேறி வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் பேசியது வளைகாப்புப் பலகாரத்தைப் பற்றி அல்ல. "பாப்பா, நீயாவது உட்கார்ந்து கேளேன்" என்றார்.

18,000 ரூபாய் பதில்

அடுத்த வாரம் அப்பா தானாகவே ஒரு டயர் கடைக்குப் போய்விட்டு வந்தார். அம்மா சொல்வதை வெளியில் மறுத்தாலும், உள்ளுக்குள் அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். கடையில் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தேய்மானம் சரியில்ல சார், சத்தம் அதுலேர்ந்துதான் வருது. நாலையும் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்.

வளைகாப்புக்கு என்று அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்ததே 40,000 ரூபாய்தான். அதில் வளையல், தட்டு, பலகாரம், புடவை, வேன் எல்லாம் அடக்கம். "டயர்ல காசு பார்க்கக் கூடாது" என்று அப்பா கணக்கு நோட்டை எடுத்துவிட்டார். அது நியாயமான பேச்சும்கூட. ஒரு காரின் ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவுதான். மொத்தக் குடும்பமும் அந்த நாலு உள்ளங்கைகளின் மேல்தான் பயணம் செய்கிறது.

ஆனால், எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கடையில் யாரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவே இல்லை. நின்றுகொண்டிருக்கிற வண்டியைப் பார்த்துவிட்டு, ஓடும்போது வருகிற சத்தத்துக்கு எப்படிப் பதில் சொன்னார்கள்?

இதழியல் டிப்ளமோவில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. என்ன, எப்போது, எங்கே, எப்படி, ஏன், யார்? இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் ஒரு செய்தியை டெஸ்க்குக்கு அனுப்பக் கூடாது. 18,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் அதே ஆறு கேள்விகளை காரிடமும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

என்ன? இரட்டைக்கிளவி கைகொடுத்தது

பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி படித்திருப்பீர்கள். கடகட, தடதட, கரகர... பிரித்தால் பொருள் தராது. ஒரு மெக்கானிக் முன்னால் போய் நின்றால்தான் அதன் அருமை தெரியும். "வண்டியில ஏதோ சத்தம் வருது" என்றால் அவர் தலையைச் சொறிவார். "கரகரன்னு வருது" என்றால் உடனே குனிந்து பிரேக் பக்கம் பார்ப்பார். சத்தத்துக்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்!

சக்கரப் பக்கமிருந்து வரும் சத்தங்களைப் பொதுவாக இப்படிப் பிரிக்கலாம்.

'டிக்டிக்' அல்லது 'டக்டக்': வேகம் கூடினால் இதுவும் வேகமாகும், குறைந்தால் மெதுவாகும் என்றால், பெரும்பாலும் டயர் பட்டன்களுக்கு இடையில் கல்லோ ஆணியோ சிக்கியிருக்கும். கல் என்றால் எடுத்துவிடலாம். ஆணி என்றால் நடுரோட்டில் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் காற்று மொத்தமும் இறங்கிவிடலாம். மெதுவாகப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் அங்கே எடுக்கச் சொல்லுங்கள்.

'தப்தப்': ரொம்ப நாள் நின்ற வண்டியில் டயரின் அடிப்பக்கம் தட்டையாகி, கிளம்பியதும் இப்படிக் கேட்கும். சில கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றாலோ, ஸ்டீயரிங்கும் சேர்ந்து ஆடினாலோ, டயரில் எங்காவது வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு விலகியிருந்தாலும் இந்தச் சத்தம் வரும். அந்த டயர் எந்த நேரமும் வெடிக்கலாம். அதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

'கீச்': திருப்பத்தில் மட்டும் வந்தால் முதலில் காற்றைச் சரிபாருங்கள். பிரேக் பிடிக்கும்போது வந்தால், பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று அறிவிப்பதற்காகவே வைத்திருக்கும் சின்னத் தகட்டின் சத்தமாக இருக்கலாம்.

'கரகர': பிரேக் தட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் சின்னக் கல் மாட்டியிருக்கலாம். பேட் முழுவதும் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினாலும் இதே சத்தம்தான்.

'கடகட': ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் வந்தால், முன்சக்கர ஆக்சில் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம்.

'கடக் கடக்': சமீபத்தில்தான் டயரைக் கழற்றி மாட்டினீர்கள் என்றால், உடனே ஓரமாக நிறுத்தி வீல் நட்டுகளைப் பாருங்கள். சரியாக முறுக்காமல் விட்டிருப்பார்கள்.

கடைசியாக, அம்மா சொன்ன 'ஊஊ'. வண்டு ரீங்காரம்போல, தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல. இதில்தான் பெரிய குழப்பம். தேய்மானம் சீராக இல்லாத டயரும் இப்படிக் கத்தும். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் கெட்டாலும் இப்படித்தான் கத்தும். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். புது டயர் போட்ட பிறகும் சத்தம் போகவில்லை என்று புலம்புகிறவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எப்போது? எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. ஆள் நடமாட்டம் இல்லாத புறவழிச் சாலை. அப்பா ஸ்டீயரிங்கில், அம்மா பின்சீட்டில், நான் முன்சீட்டில் நோட்டும் பேனாவுமாக. எஃப்.எம் ஆஃப். ஏசி ஆஃப். கண்ணாடிகள் ஏற்றியாயிற்று.

முதல் கேள்வி: எந்த வேகத்தில்? 30-ல் ஒன்றும் இல்லை. 40-ஐத் தாண்டியதும், "ஆரம்பிச்சிடுச்சு" என்றார் அம்மா. 60-ல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

இரண்டாவது கேள்வி: இன்ஜினா, சக்கரமா? 60-ல் போகும்போது அப்பாவை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மட்டும் சில விநாடிகள் அழுத்தச் சொன்னேன். இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. 'ஊஊ' இறங்கவில்லை. வண்டியின் வேகத்தோடுதான் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆக, கோளாறு சக்கரப் பக்கம்தான். இதைச் செய்யும்போது சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கவே கூடாது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

மூன்றாவது கேள்வி: ரோடு மாறினால் சத்தம் மாறுகிறதா? டயரின் சத்தம் என்பது டயரும் ரோடும் சேர்ந்து போடும் சத்தம். பட்டன்கள் ரோட்டில் மோதுவதாலும், அவற்றின் இடுக்குகளில் காற்று அமுங்கி வெளியேறுவதாலும் அது பிறக்கிறது. பட்டன்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே சுதியில் கத்தும் என்பதற்காகவே, கம்பெனிகள் அவற்றைக் கொஞ்சம் பெரிதும் சிறிதுமாகக் கலந்து அமைக்கின்றன. அதனால் வழுவழுப்பான தார் ரோட்டில் ஒரு மாதிரியும், சிமென்ட் ரோட்டில் வேறு மாதிரியும் டயர் சத்தம் கேட்கும். பேரிங் இரும்புக்குள் இரும்பு. அதற்கு ரோட்டைப் பற்றிக் கவலை இல்லை.

புது தார், பழைய தார், சிமென்ட் என்று மூன்றிலும் ஓட்டினோம். மற்ற சத்தங்கள் எல்லாம் மாறின. "அது மட்டும் அப்படியேதான் இருக்கு" என்றார் அம்மா. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நான்காவது கேள்வி: எந்தச் சக்கரம்? அகலமான, காலியான ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக இடதுபக்கம் வளைத்தால், வண்டியின் எடை வலதுபக்கச் சக்கரங்களின் மேல் சாயும். வலதுபக்கம் வளைத்தால் இடதுபக்கச் சக்கரங்களின் மேல் சாயும். கெட்டுப்போன பேரிங் மேல் எடை ஏறினால் அது கூடுதலாகக் கத்தும். அப்பா 50-ல் மெதுவாக இடதுபக்கம் வளைத்தார்.

"இப்போ! இப்போ கூடுது பாருங்க!"

வலதுபக்கம் வளைத்தார்.

"இப்போ அடங்கிடுச்சு."

அப்பா அப்போதும் எதுவும் சொல்லவில்லை. ஆனால், நான் கேட்காமலேயே திரும்பவும் ஒருமுறை இடதுபக்கம் வளைத்துப் பார்த்தார். இந்தச் சோதனையை வாகனங்கள் ஓடும் ரோட்டிலோ நெடுஞ்சாலையிலோ செய்யாதீர்கள். காலியான இடம், நிதானமான வேகம், லேசான வளைவு போதும்.

ஸ்டெப்னி சொன்ன சாட்சி

ஒரே ஒரு தரப்பை வைத்துக்கொண்டு செய்தி போடக் கூடாது என்பது எங்கள் டெஸ்க் விதி. இன்னொரு சாட்சி வேண்டும். அது டிக்கிக்குள் சும்மா கிடந்தது.

ஸ்டெப்னி! நாம் ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இந்த வார்த்தை உண்மையில் ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்ற ஊரில் இருக்கும் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார்கள். அன்றைய கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். உலகத்தில் பல இடங்களில் மறந்துபோன அந்தப் பெயரை நம் ஊர்ப் பஞ்சர் கடைகள் இன்னும் காப்பாற்றிவருகின்றன.

யோசனை எளிமையானது. சந்தேகம் வலது பின்சக்கரத்தின் மேல். அந்த டயரைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டுவோம். சத்தம் போய்விட்டால் டயர்தான் குற்றவாளி. சத்தம் அங்கேயே இருந்தால் டயர் நிரபராதி. செலவு, அரைமணி நேர வியர்வை மட்டும். சில புதிய கார்களில் ஸ்டெப்னி ஒல்லியாகச் சின்ன அளவில் இருக்கும். அப்படியானால் அதே பக்கத்து முன் டயரையும் பின் டயரையும் இடம்மாற்றி மாட்டிப் பார்க்கலாம். டயரோடு சேர்ந்து சத்தமும் முன்னால் போகிறதா என்பதுதான் கேள்வி.

சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தோம். நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகுதான் ஜாக்கி ஏற்ற வேண்டும். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்காமல், எதிரெதிராக முறுக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ காலோ தலையோ போகவே கூடாது.

ஸ்டெப்னியோடு மறுபடி ஒரு சுற்று. 40-ஐத் தாண்டியதும் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையைக் காதருகே வைத்துக்கொண்டு, "அதே இடம். அதே சத்தம்" என்றார்.

டயர் நிரபராதி.

எப்படி? கையில் தெரிந்த நடுக்கம்

எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும். நோட்டில் எழுதியிருந்ததை அந்த அண்ணனிடம் அப்படியே படித்துக் காட்டினேன். 40-க்கு மேல் ஊஊ. கிளட்ச் அழுத்தினாலும் நிற்கவில்லை. ரோடு மாறினாலும் மாறவில்லை. இடதுபக்கம் வளைத்தால் கூடுகிறது. ஸ்டெப்னி போட்டாலும் இருக்கிறது.

"பாதி வேலைய முடிச்சுட்டுதான் வந்திருக்கீங்க" என்று சிரித்தார்.

பின்பக்கத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வலது பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினார். சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கில் இன்னொரு கையை வைத்திருந்தார். பிறகு என் கையை அங்கே வைக்கச் சொன்னார். மணல் அரைபடுவதுபோல ஒரு சன்னமான நடுக்கம் விரலில் தெரிந்தது. இடது பின்சக்கரத்தைச் சுழற்றியபோது அந்த நடுக்கமே இல்லை. பிறகு சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டினார். மிக லேசாக ஒரு 'டொக்'.

"பேரிங் போயிடுச்சுங்க சார்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

பேரிங் ஒன்றும் பெரிய விஷயமில்லை. சைக்கிள் கடையில் கிரீஸில் முக்கி வைத்திருப்பார்களே பால்ஸ், அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எஃகு வளையங்கள், நடுவில் உருளும் எஃகுக் குண்டுகள், சுற்றிலும் கிரீஸ், வெளியிலிருந்து தூசியும் தண்ணீரும் புகாமல் ஒரு மூடி. வண்டியின் எடையைத் தாங்கிக்கொண்டே சக்கரத்தைச் சுழலவிடுவது இதுதான். குண்டின் மேலோ வளையத்திலோ சின்னச் சொறி விழுந்தால் 'ஊ' தொடங்கும். அப்படியே விட்டால் சூடாகும். தளர்ந்து சக்கரம் ஆடும். மோசமான கட்டத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சக்கரமே கழன்றுவிடும் அபாயமும் உண்டு.

அந்த நிலையில் நாலு டயரையும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 18,000 ரூபாய் போயிருக்கும். "எல்லாம் புதுசு" என்ற தைரியத்தில் அப்பா 90-ல் ஓட்டியிருப்பார். கெட்ட பேரிங் அப்படியே இருந்திருக்கும். பின்சீட்டில் அக்கா இருந்திருப்பாள்.

ஏன்? ஃபெஞ்சல் விட்டுச்சென்றது

பிரேக் டிரம்மைக் கழற்றி பேரிங்கை வெளியே எடுத்தபோது, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருநிறத்தில் சேறுபோல ஏதோ இருந்தது. "தண்ணி புகுந்திருக்கு. வெள்ளத்துல நின்ன வண்டியா?" என்று கேட்டார் மெக்கானிக் அண்ணன்.

அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாள்களுக்கு விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடாக இருந்தது. எங்கள் தெருவில் நின்ற காருக்குச் சக்கரத்தின் பாதிவரை தண்ணீர். இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, சீட் நனையவில்லை என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால், தண்ணீர் புகுந்த பேரிங் ஒரே நாளில் கெடாது. உள்ளே கிரீஸைக் கெடுத்து, துருவை ஏற்றி, மாதங்கள் கழித்துத்தான் குரல் கொடுக்கும்.

பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். இடது பின்சக்கரப் பேரிங்கும் அதே தண்ணீரில் நின்றதுதானே என்று அதையும் திறந்து பார்க்கச் சொன்னார் அப்பா. அது நன்றாக இருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள், ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாமல் ஒருமுறை சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

அப்படியானால் டயர் கடையில் சொன்னது பொய்யா?

இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் முன் டயர்களில் தேய்மானம் சீராக இல்லை என்பது உண்மை. உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல்போல உரசல். அலைன்மென்ட் தவறியிருந்தால் இப்படித்தான் தேயும். டயரின் சுற்றளவில் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் பேலன்சிங்கையோ ஷாக் அப்சார்பரையோ பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். டயர், வண்டியின் டைரி மாதிரி. எல்லாவற்றையும் தன் மேல் எழுதி வைத்திருக்கும்.

கடையில் பார்த்தது நிஜம். ஆனால், பார்த்ததுதான் கேட்டதற்குக் காரணம் என்று அவசரமாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். எங்கள் வேலையிலும் இதே ஆபத்து தினமும் உண்டு. இரண்டு உண்மைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று எழுதிவிடக் கை பரபரக்கும்.

டயர்களின் பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் குட்டி மேடுகளைப் பார்த்தோம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், மீதி ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். அதற்குமேல் அந்த டயரை ஓட்டக் கூடாது. எங்களுடையதில் இன்னும் நன்றாக ஆழம் இருந்தது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பார்த்தோம். 2822 என்று இருந்தால், 2022-ம் ஆண்டின் 28-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் ஆழமாக இருந்தாலும், வருடங்கள் ஆக ஆக ரப்பர் இறுகி வெடிப்பு விடும் என்பதால் இந்த எண் முக்கியம். எங்கள் டயர்களில் வெடிப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் மட்டும் செய்துகொண்டோம். சீட்டுப் பணம் பத்திரமாக வளைகாப்புக்கே போனது.

யார்?

ஆறாவது கேள்வி இது. ஒரு செய்தியில் 'யார்' என்றால், சம்பந்தப்பட்டவர் யார் என்று மட்டும் அர்த்தமில்லை. சொன்னவர் யார், அவர் சொன்னதை யார் கேட்டார்கள் என்பதும்தான்.

கார் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு வரிசை இருக்கிறது. ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அடுத்து, கடைக்காரருக்குத் தெரியும். பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவருக்கு என்ன தெரியும்? ஆனால், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே அவர்தான். ஓட்டுகிறவரின் கவனம் ரோட்டில், ஹாரனில், எதிரில் வரும் லாரியில். தினமும் ஓட்டுவதால், கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற சத்தம் அவர் காதுக்குப் பழகியும் போய்விடும். வாரத்துக்கு ஒருநாள் ஏறுகிறவருக்குத்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

டயருக்குள் காற்று அடைக்கும் யோசனை பரவியதே பயணம் செய்கிறவரின் அவஸ்தையைப் பார்த்துத்தான். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் கிடுகிடுவென்று ஆடியதைப் பார்த்துத்தான் காற்றடைத்த டயரைச் செய்தார். 1888-ல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே, 1840-களில் ராபர்ட் தாம்சன் என்பவர் அதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தாலும், பரவலானது டன்லப்பின் டயர்தான். பிள்ளையின் உடம்பு குலுங்கியதை ஓர் அப்பா கவனித்ததால் வந்தது.

ஷெட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது எங்கள் அப்பா எஃப்.எம்-மைப் போடவில்லை. 40, 50, 60. முள் ஏறியது. "இப்போ எப்படி இருக்கு?" என்று பின்னால் திரும்பாமலேயே கேட்டார். அம்மா ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டு, "தைக்கிற மாதிரி ஓடுது" என்றார். அம்மா ஒரு மெஷினுக்குக் கொடுக்கும் உச்சபட்சப் பாராட்டு அது.

வளைகாப்பு முடிந்து திரும்பிய அன்று, கை நிறைய வளையல்களோடு அக்கா ஆத்தூர் தாண்டியதும் தூங்கிவிட்டாள். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தும்வரை விழிக்கவில்லை. வண்டியில் கேட்ட ஒரே சத்தம், மேடு பள்ளத்தில் குலுங்கிய அந்த வளையல்களின் சத்தம்தான். அப்பா மட்டும் நடுநடுவே அம்மாவிடம் கேட்டுக்கொண்டே வந்தார். "ஏதாவது சத்தம் கேக்குதா?"

அடுத்த நெடும்பயணத்துக்கு முன்...

* கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பாருங்கள். கிளம்பும் காலையில் சத்தம் தெரிந்தால் பார்க்கவும் நேரம் இருக்காது, கடையும் இருக்காது.

* டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றின் அளவைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் எவ்வளவு அடிக்க வேண்டும் என்ற ஸ்டிக்கர் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள்.

* டயரின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். வீக்கமும் வெடிப்பும் உள்பக்கத்திலும் வரலாம்.

* எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் சத்தம் இல்லாததால், டயர் சத்தம் இயல்பாகவே தூக்கலாகக் கேட்கும். அதனால் இருக்கிற சத்தத்தைவிட, புதிதாக வந்த சத்தமா என்பதைக் கவனியுங்கள்.

* என்ன சத்தம், எந்த வேகத்தில், எந்தப் பக்கம், திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். உங்களோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்காமல் யாராவது பெரிய செலவு சொன்னால், இன்னோர் இடத்திலும் கேட்டுவிடுங்கள்.

* ஊருக்கு வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் பாட்டை நிறுத்துங்கள். பின்சீட்டில் இருப்பது அம்மாவோ, பாட்டியோ, பத்து வயதுப் பிள்ளையோ... "ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறது என்று அவர்கள் சொன்னால், பாட்டை மறுபடி போடுவதற்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்.